மோட்டார் சைக்கிளைத் தூக்காதீர்கள், பலகை போடுங்கள்!

விருதுநகர் மாவட்டம், திருச்சுழி தாலுகாவில் இருக்கிறது பரளச்சி. கரிசல் காடு. வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் வெள்ளாமை. பெய்யாவிட்டால் கரிமூட்டமும் கூலி வேலையும்தான்.

இந்தச் சீமையில் மாட்டு வண்டி போன பாதைகளில் இன்று மோட்டார் சைக்கிள் போகிறது. புது வண்டி அல்ல. இருபது வயது, முப்பது வயது ஆன பழைய வண்டிகள்! பின்னால் உர மூட்டை. முன்னால் பெட்ரோல் டாங்கியின் மேல் தூக்குச் சட்டியும் பிள்ளையும். கண்மாய்க் கரை, வண்டிப்பாதை, உழவுக் காடு எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

"இந்த ஓட்டை வண்டியைக் கட்டி அழுவதற்குப் பதில் தவணையில் புதிது வாங்கக் கூடாதா?" என்று டவுனில் இருக்கும் மைத்துனர் கேட்பார். கேட்கட்டும். பழைய வண்டியை வைத்திருப்பது பைத்தியக்காரத்தனம் அல்ல என்பது என் கட்சி. ஆனால் அதை வைத்திருப்பவர்கள் ஒரு காரியத்தில் மட்டும் உயிரோடு விளையாடுகிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சேற்றுக்குப் பிறந்த வண்டி

வெளிநாடுகளில் சேற்றிலும் புழுதியிலும் ஓட்டுவதற்கென்றே தனி மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். "டர்ட் பைக்" என்று அதற்குப் பெயர். எடை குறைவாக இருக்கும். டயரில் பெரிய பெரிய பற்கள் இருக்கும். மட்கார்டு, சக்கரத்தை விட்டு எட்ட உயரத்தில் இருக்கும். ஏன் தெரியுமா? சேறு அப்பிச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக!

கரிசல்காரருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மழை விழுந்த மறுநாள் கரிசல் காட்டில் வண்டியை இறக்கிப் பாருங்கள். பத்து கஜம் போவதற்குள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் களியாக அப்பிக்கொள்ளும். வண்டி நகராது. குச்சி எடுத்துக் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். முன் மட்கார்டையே கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு.

ரோட்டிலும் காட்டிலும் ஓடக்கூடிய வண்டிகள் இப்போது நம் நாட்டிலும் வருகின்றன. ராயல் என்பீல்டின் "ஹிமாலயன்" 2016-ல் வந்தது. ஹீரோவின் "எக்ஸ்பல்ஸ்" 2019-ல் வந்தது. விலையோ லட்சத்துக்கு மேல். மிளகாயும் பருத்தியும் பயிரிடுகிறவர் ஒரு வருஷத்து வெள்ளாமையை அதில் போட முடியுமா?

அதனால் நம் ஜனங்களின் "டர்ட் பைக்" எல்லாம் பழைய வண்டிகள்தான். அவையும் லேசுப்பட்டவை அல்ல. புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண மாப்பிள்ளை வண்டி என்று இன்று நினைக்கிறோம். ஆனால் 1948-ல் இத்தாலியில் ஆறு நாள் நடந்த சர்வதேசப் பந்தயத்தில், மலையிலும் சேற்றிலும் ஓடிப் பெயர் வாங்கிய வண்டி அது! வென்ற பிரிட்டிஷ் கோஷ்டியில் இரண்டு பேர் அதைத்தான் ஓட்டினார்கள். 1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி ஏற்பட்டது. பிறகு திருவொற்றியூரிலேயே புல்லட் தயாராயிற்று.

மைசூரில் 1961 முதல் ஜாவா வண்டிகள் வந்தன. பிறகு அதே தொழிற்சாலையில் எஸ்டி என்ற பெயரில் வந்தன. 1996-ல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். போலந்து நாட்டு வண்டியைப் பார்த்துச் செய்தது ராஜ்தூத். ஓசூரிலிருந்து 1980-ல் டி.வி.எஸ். 50 வந்தது. நடுத்தரக் குடும்பம் முதன்முதலாக மோட்டார் வண்டி ஏறியது அதனால்தான். 1985-லிருந்து 1996 வரை வந்தது யமஹா ஆர்.எக்ஸ். 100. எடை சுமார் 100 கிலோதான். காட்டுப் பாதையில் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிப் போகும். இன்றைக்கும் அதற்கு இளவட்டங்களிடம் இருக்கிற கிராக்கியைச் சொல்லி முடியாது.

இந்த வண்டிகளில் கம்ப்யூட்டர் கிடையாது. நான்கு ஸ்பேனர், ஒரு திருப்புளி, ஒரு துண்டு உப்புத்தாள் இருந்தால் வேப்பமரத்தடியிலேயே பாதி ரிப்பேரைப் பார்த்துவிடலாம். பட்டறை இல்லாத ஊரில் அது எத்தனை பெரிய விஷயம்!

செலவும் புகையும்

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சொந்த உபயோக வண்டிக்கு 15 வருஷம்தான் பதிவு. அதற்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இரு சக்கர வண்டிக்கு இதற்கான கட்டணம் 300 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் 1,000 ரூபாய் ஆயிற்று. 20 வயது தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி வேறு.

"காட்டுக்குள்தானே ஓட்டுகிறோம்" என்று பலர் புதுப்பிப்பதே இல்லை. இது தப்பு. காட்டுக்குப் போக ரோட்டைக் கடந்துதானே ஆக வேண்டும்? அங்கே ஒரு விபத்து நடந்தால், பதிவும் இல்லாமல் இன்ஷூரன்சும் இல்லாமல் மாட்டிக்கொண்டால், வண்டியோடு காடும் போய்விடும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்குவதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் இருக்கும் நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பரும் ஒன்றுதானா என்று விரலை வைத்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அழைத்துப் போங்கள்.

புகையும் ஒரு குறைதான். டி.வி.எஸ். 50, ஆர்.எக்ஸ். 100, எஸ்டி, ராஜ்தூத் எல்லாம் பெட்ரோலோடு எண்ணெயையும் சேர்த்து எரிக்கிற வண்டிகள். மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஆயிரம் வண்டிக்கு நடுவில் அந்தப் புகை விடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். பரளச்சிக் காட்டில் நாளைக்கு நாலு மைல் ஓடுகிற வண்டி வேறு.

"தூக்குங்கடா!"

விஷயத்துக்கு வருகிறேன். பழைய வண்டி என்றால் ஒரு நாள் படுத்துவிடும். வேப்பமரத்தடி வைத்தியம் பலிக்காது. பிஸ்டன் சிக்கிக்கொண்டது, கிராங்கு போய்விட்டது என்றால் அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோதான் கொண்டு போக வேண்டும். அப்போது வருகிறது "குட்டி யானை"! 2005-ல் வெளிவந்த டாட்டா ஏஸ் வண்டிக்கு நம் ஜனங்கள் வைத்த செல்லப் பெயர் அது.

அடுத்த காட்சியை நீங்கள் எல்லோருமே பார்த்திருப்பீர்கள்.

குட்டி யானையின் பின் கதவைத் திறந்து விடுவார்கள். டீக்கடையில் இருந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று நான்கைந்து பேர் கூடிவிடுவார்கள். "மாமா, நீங்க பின்னால பிடிங்க." "டேய் மாப்ளே, முன் சக்கரத்தைத் தூக்குடா." "ஆங்... ஒண்ணு, ரெண்டு, தூக்குங்கடா!" முன் சக்கரம் மேலே ஏறிவிடும். பின் பாகம் அந்தரத்தில் நிற்கும். அந்தச் சமயத்தில் ஒருவர் கை வழுக்கும். ஒருவர் கால் சேற்றில் சறுக்கும்.

புல்லட்டின் எடை சுமார் 160 கிலோ. நான்கு பேர் தூக்கினால் ஆளுக்கு 40 கிலோ என்பது பள்ளிக்கூடக் கணக்கு. தெருவில் அந்தக் கணக்கு செல்லாது. குனிந்து பிடித்தவர் மேல் 60 கிலோ இறங்கும். சும்மா தொட்டுக்கொண்டு நிற்கிறவர் மேல் ஒன்றுமே இறங்காது. ஒருவர் விட்டுவிட்டால் மற்ற மூன்று பேரின் தலையில் விடியும். சைலன்சர் சூடாக இருந்தால் கை வெந்துபோகும். சக்கரக் கம்பிக்குள்ளோ, செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவிலோ விரல் போனால் விரல் திரும்பி வராது. இடுப்பு பிடித்துக்கொண்டால் மிளகாய் பறிக்க யார் போவது? கூலிக்காரனுக்கு உடம்புதானே முதல்?

உதவிக்கு வந்த மாமாவுக்கு ஒன்று நேர்ந்தால் வாழ்நாள் பூரா அந்த வீட்டு முகத்தில் எப்படி விழிப்பது?

ஒரு பலகை செய்யும் வேலை

இத்தனைக்கும் மருந்து ஒரு பலகை. எட்டு அடி நீளம், ஓர் அடி அகலம், இரண்டு அங்குல கனம். போதும்.

பலகை என்ன செய்துவிடும் என்று கேட்கிறீர்களா? கணக்குப் பாருங்கள். குட்டி யானையின் தட்டு, தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு அடிப் பலகையைச் சாய்த்து அதன் மேல் தள்ளினால், 160 கிலோ வண்டிக்கு ஏறக்குறைய 50 கிலோ பலம் கொடுத்தால் போதும். ஐந்து அடிப் பலகை என்றால் 80 கிலோ. பத்து அடிப் பலகை என்றால் 40 கிலோ! ஆர்.எக்ஸ். 100 வண்டியை எட்டு அடிப் பலகையில் ஏற்ற 30 கிலோவுக்குச் சற்று மேல். பலகை நீள நீள பாரம் குறைகிறது. கிணற்று மேட்டில் கமலை இறைத்த தாத்தாவுக்குச் சரிவின் அருமை தெரியும். பேரன் மறந்துவிட்டான்!

பலகை எங்கே கிடைக்கும்? பனைமரம் இருக்கிற சீமையில் இது ஒரு கேள்வியா? பழைய ஓட்டு வீட்டைப் பிரித்த பனங்கைகள் எத்தனையோ வீட்டுக் கொல்லையில் கிடக்கின்றன. இரண்டை ஒட்டிச் சேர்த்து, குறுக்கே சட்டம் அடித்தால் சக்கரத்துக்குப் பிடிப்பும் ஆயிற்று. செல்லரித்த மரம் மட்டும் கூடாது. பாரம் ஏற்றுவதற்கு முன் இரண்டு பேர் அதன் மேல் ஏறி நின்று பாருங்கள்.

இன்னொரு தந்திரம் செலவே இல்லாதது. குட்டி யானையைச் சமதரையில் நிறுத்தாதீர்கள். ஒரு மேட்டுக்குப் பின்புறம் காட்டி நிறுத்துங்கள். கண்மாய்க் கரைச் சரிவு, களத்து மேடு, ரோட்டு ஓரம், எதுவானாலும் சரி. மேட்டின் உயரம் ஓர் அடி என்றால் அந்த ஓர் அடி உங்களுக்கு லாபம்.

ஏற்றும் முறையைக் கேளுங்கள். முதலில் குட்டி யானைக்குக் கை பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பலகையின் மேல் நுனியைக் கயிற்றால் குட்டி யானையோடு சேர்த்துக் கட்டுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பின் சக்கரம் பலகையில் ஏறும்போது பலகை பின்னால் உதைத்துக்கொண்டு நழுவும். கட்டாத பலகை, பலகை இல்லாததைவிட மோசம்!

மோட்டார் சைக்கிளின் எஞ்சினை அணைத்துவிடுங்கள். "நான் ஓட்டியே ஏற்றிவிடுகிறேன்" என்று மீசையை முறுக்குகிற தம்பியைப் பக்கத்து டீக்கடைக்கு அனுப்பிவிடுங்கள். பெட்ரோல் குழாயை அடையுங்கள். பீடியையும் அணையுங்கள். பழைய டாங்கி மூடி பெரும்பாலும் கசியும்.

மூன்று பேர் போதும். ஒருவர் இடது பக்கமாக ஹேண்டில் பாரைப் பிடித்து நடக்க வேண்டும். அவர் கால் வைத்து ஏறுவதற்குப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியோ திண்டுக் கல்லோ போடுங்கள். வண்டி மேலே போக, அவர் கீழேயே நின்றால் கை எட்டாது, வண்டி சாய்ந்துவிடும். இன்னொருவர் குட்டி யானை மேல் நின்று, முன் சக்கரத்துக்கு மேலே குழாயில் கட்டிய கயிற்றை இழுக்க வேண்டும். மூன்றாமவர் பின்னால் கேரியரைப் பிடித்துத் தள்ள வேண்டும். நேர் பின்னால் அல்ல, சற்று ஒதுங்கி நின்று! இண்டிகேட்டரையோ மட்கார்டையோ பிடிக்காதீர்கள். முப்பது வருஷத் தகரம் கையோடு வந்துவிடும்.

ஒரு சூட்சுமம் உண்டு. வண்டியை முதல் கியரில் போட்டு, கிளச்சை அமுக்கிக்கொண்டு ஏற்றுங்கள். பின்னால் வழுக்கினால் கிளச்சை விட்டுவிடுங்கள். எஞ்சினே பின் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சரிவில் பாரத்தின் பெரும்பகுதி பின் சக்கரத்தில் இருப்பதால் முன் பிரேக்கை நம்ப முடியாது. சக்கரம் நின்றாலும் வண்டி சறுக்கும். செயின் இல்லாத வண்டி, எஞ்சின் கழற்றிய வண்டிக்கு இந்த வித்தை பலிக்காது. அதற்கு ஒருவர் கட்டையோடு பக்கத்தில் நின்று, ஏற ஏறப் பின் சக்கரத்துக்கு அணை கொடுக்க வேண்டும்.

குறுக்கே நிறுத்துங்கள்

மேலே ஏறியாயிற்று. எப்படி நிறுத்துவது? குட்டி யானையின் தட்டு ஏறக்குறைய ஏழு அடி நீளம். ஐந்து அடிக்குச் சற்றுக் குறைவான அகலம். புல்லட்டும் ஏழு அடி நீளம். நேராக நிறுத்தினால் பின் கதவை மூட முடியாது. அதனால் கதவைத் தொங்கவிட்டு, பின் சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கப் போகிறார்கள். அளவுக்கு மீறிச் சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். உங்கள் பழைய வண்டியின் விலையே அவ்வளவு இருக்குமோ என்னவோ!

மூலைக்கு மூலை குறுக்கே நிறுத்துங்கள். அந்தக் கணக்கில் எட்டு அடிக்கு மேல் இடம் இருக்கிறது. முன் சக்கரத்தை டிரைவர் பக்கத்து மூலையில் முட்டக் கொடுங்கள். கதவு மூடிக்கொள்ளும்.

ஸ்டாண்டு போட்டுக் கொண்டு போகாதீர்கள். பள்ளத்தில் குதிக்கும்போது ஸ்டாண்டு மடங்கும். இரண்டு சக்கரத்தில் நிற்க வைத்து நான்கு பக்கமும் கயிறு கட்ட வேண்டும். முன்னால் இரண்டு கயிறு, ஷாக் அப்சார்பர் குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கும் கெட்டியான பாகத்திலிருந்து இரு பக்க மூலைகளுக்கு. ஹேண்டில் பாரின் நுனியில் கட்டினால் பார் திரும்பிவிடும். லாரிக்காரர்கள் தார்ப்பாய்க்குப் போடுகிற இழுவை முடிச்சைப் போட்டு, ஸ்பிரிங் பாதி அமுங்குகிற வரையில் இறுக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம். பழைய வண்டியில் எண்ணெய் சீல் பிதுங்கிவிடும். பின்னால் இரண்டு கயிறு, சட்டத்திலிருந்து. கயிறு உரசும் இடத்தில் கிழிந்த சாக்கைச் சுற்றுங்கள். கயிறு கொஞ்ச தூரம் போனதும் தளரும். முதல் டீக்கடையில் இறங்கி, டீ சொல்வதற்கு முன் முடிச்சைப் பாருங்கள்.

வண்டியோடு ஆள் ஏறலாமா?

கூடவே கூடாது! நான் அபாயம் என்று சொன்னதில் பெரிய அபாயம் இதுதான். கயிறு கட்டச் சோம்பல்பட்டு, "தம்பி, நீ மேலே ஏறிப் பிடிச்சுக்கோ" என்று ஓர் இளவட்டத்தை ஏற்றிவிடுகிறார்கள். அவனும் மோட்டார் சைக்கிள் மேலேயே உட்கார்ந்து, ஊர்வலம் போகிற ராஜா மாதிரி போகிறான். டிரைவர் ஒரு நாய்க்கு பிரேக் போட்டால் என்ன ஆகும்? 160 கிலோ இரும்பு அவன் மேல் விழும். அல்லது அவன் ரோட்டில் விழுவான்.

விழுந்தபின் குடும்பத்தின் கதி என்ன என்பதையும் யோசியுங்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் செல்கிறவருக்கு விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரருக்கு 1994-ம் வருஷத்துச் சட்டத் திருத்தம் ஓரளவு பாதுகாப்புக் கொடுத்தது. அவரும் டிரைவர் அறையில் உட்கார்ந்து வந்தால்தான் அந்தப் பாதுகாப்பு என்று 2007-ல் அதே கோர்ட்டு கூறியது. அதாவது, பின்னால் வண்டியைப் பிடித்துக்கொண்டு போகிறவனுக்கு அந்த இன்ஷூரன்சை நம்பி இருக்க முடியாது. மனைவியும் பிள்ளைகளும் டிரைவரையும் முதலாளியையும் தேடிக் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். நான்கு கயிறு வாங்க யோசித்ததற்கு இதுவா கூலி?

குட்டி யானைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடகை பேசும்போதே பலகையும் கயிறும் உங்கள் வண்டியில் இருக்க வேண்டும். "பலகை இல்லாமல் ஏற்ற மாட்டேன்; பின்னால் ஆளை ஏற்ற மாட்டேன்" என்று சொல்லுங்கள். ஒரு வாடகை போகலாம். லைசென்ஸ் போகாது. நம் ஊர்களில் கல்யாணத்துக்கும் கஞ்சி காய்ச்சுவதற்கும் ஊர்ப் பொதுவில் அண்டா, குண்டான் வைத்திருக்கிறோம். அதோடு ஒரு ஜோடி பலகையும் நான்கு கயிறும் சேர்த்து வைத்தால் என்ன? வேண்டியவர் எடுத்துக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து வைக்கட்டும்.

பெண்மணிகளே, இதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது. வாசலில் குட்டி யானை வந்து நின்றதும் "பலகை எங்கே?" என்று கேளுங்கள். நான்கு பேர் சிரித்தாலும் கேளுங்கள்.

கடைசியாக, இறக்குவது. ஏற்றுவதைவிட இதில் ஆபத்து அதிகம். ஏற்றும்போது வண்டியின் பாரம் உங்களை எதிர்த்துத் தள்ளும். இறக்கும்போது அதுவே உங்களை இழுத்துக்கொண்டு ஓடும். கயிறு நான்கையும் ஒரே சமயத்தில் அவிழ்க்காதீர்கள். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் கடைசிக் கயிற்றை அவிழ்க்க வேண்டும். பலகையை முன்போலவே கட்டி, பின் சக்கரம் முதலில் இறங்கும்படி, கியரில் போட்டு, கிளச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிடித்து இறக்குங்கள். கீழே, வண்டிக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. பட்டறையை வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை முதலில் விரட்டுங்கள். பட்டறையில் ஆள் போதாவிட்டால், மெக்கானிக் பையன் சாப்பிட்டுவிட்டு வருகிற வரையில் வண்டி மேலேயே இருக்கட்டும்.